கதவுக்குக் குறுக்கே ஒரு மாலை

போன மாதம் எங்கள் பழைய தீயணைப்பு நிலையத்திலிருந்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பேட்டரி கார் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு இப்போது வகுப்பு நடக்கிறதாம். அணைந்த மாதிரி இருந்து மறுபடி பிடித்துக்கொள்ளுமாம். காப்பி குடித்துக்கொண்டே ஒருவர், "உங்க சர்வீஸ்ல நீங்க ஆடிப்போனது எப்பண்ணே?" என்று கேட்டார். தோல்கட்டு அடுக்கி வைக்கிற கிட்டங்கி எரிந்த கதையைச் சொல்வேன் என்று நினைத்திருப்பார் போல. நான், "ஒரு கார். மல்லிகை மாலை போட்ட கார்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு அந்தக் காரைச் சுற்றி நின்ற கூட்டமும் சிரித்துக்கொண்டுதான் நின்றது.

நான் திண்டுக்கல்லில் லீடிங் ஃபயர்மேனாக ஓய்வு பெற்றவன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினோம். ஏணியில் ஏறச் சொன்னார்கள், ஏறினோம். ஹோஸைச் சுருட்டிச் சுருட்டி, தூக்கத்தில்கூடக் கை சுருட்டிக்கொண்டிருந்தது. நிலையத்துக்கு வந்து பார்த்தால் பாதி நாள் கிணற்றில் விழுந்த மாடுதான். மீதி நாள் வைக்கோல் படப்பு. மாட்டைத் தூக்கிவிட்டால் மாட்டுக்காரர் மாட்டைத்தான் தடவிக் கொடுப்பார், நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பழகிவிட்டது.

கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் எங்களுக்கு நிலைய அலுவலராக இருந்தவர் ஜமாலுதீன் சார். என்னைவிட வயதில் சின்னவர், நேரடியாக ஆபீசராக வந்தவர். முதலில் எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. காரணம், அவர் ஓட மாட்டார். எரிகிற இடத்தில் நாங்கள் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து ஹோஸை இழுப்போம். அவர் மெதுவாக இறங்குவார். பேன்ட்டைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுக்கொள்வார். எரிகிற வீட்டையோ கடையையோ ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, சத்தம் போடாமல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"கடைசியா கதவச் சாத்துனது யாரு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொத்து எரிந்து சாம்பலாகிக்கொண்டிருக்கிறது, மனுசன் கதவைப் பற்றி விசாரணை நடத்துகிறாரே என்று. தோல் கிட்டங்கித் தீயில்தான் அந்தக் கேள்வியின் அருமை தெரிந்தது. ஊரே பின்பக்க ஷட்டரைக் காட்டி, உடைங்க, உடைங்க என்று கத்தியது. நான் கடப்பாரையை ஓங்கிவிட்டேன். கடைசியாகப் பூட்டிவிட்டுப் போன மேஸ்திரியைச் சார் தேடிப் பிடித்தார். பின்பக்கம் கூரை வரைக்கும் தோல்கட்டு அடுக்கியிருக்கிறது, ஷட்டரைத் தூக்கினால் அம்புட்டும் சரியும் என்று அவர் அழுதுகொண்டே சொன்னார். நான் கடப்பாரையைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு சார் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நான் வாய் திறக்கவில்லை.

இனி கார்த்தி கதை.

கார்த்திக்கு நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். பூ வியாபாரம். அப்பா இல்லை. அம்மா பாக்கியத்தம்மா மாலை கட்டுகிறவர். அவர் கட்டினால் ஆளுயர மாலையில்கூட ஒரு பூ உதிராது என்று சந்தையில் பேர். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எங்கள் நிலையத்துக்குப் பூ கார்த்தி கடையிலிருந்துதான் வரும். முதலில் வேனில் பூ ஏற்றிக்கொண்டு மதுரை விமான நிலையத்துக்கு ஓடிக்கொண்டிருந்தவன், பிறகு தானே வெளிநாட்டுக்கு மல்லிகை அனுப்ப ஆரம்பித்தான். நல்ல வளர்ச்சி. இருபத்தைந்து வயதிலேயே புது வீடு, தங்கச்சி கல்யாணம் எல்லாம் முடித்துவிட்டான். முப்பதைத் தாண்டியபோது ஆளும் நன்றாகவே பருத்துவிட்டான்.

ஒருநாள் மத்தியானம் நிலையத்துக்கு வந்து போனை நீட்டினான். "அண்ணே, வாங்கிட்டேன்."

படத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கார். இத்தாலிக்காரன் செய்ததாம். பெங்களூரில் ஒருவர் ஓட்டிவிட்டு விற்றதாம். தரையோடு தரையாகக் கிடந்தது. கதவு பக்கவாட்டில் திறக்காமல் மேலே எழும்பி நின்றது. விலையைச் சொன்னான். நான் அதை இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் எனக்கு மறுபடி மயக்கம் வரும். அன்றைக்கு நிஜமாகவே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் டிரைவர் முருகேசன் மட்டும் அசரவில்லை. "ஏப்பு, இதுல எத்தன கூடை பூ ஏத்தலாம்?" என்று கேட்டான்.

"ஒரு கூடைகூட ஏத்த முடியாதுண்ணே. ரெண்டே சீட்டு."

"அப்ப என்ன எழவுக்கு வாங்குன?"

கார்த்தி கோபப்படவில்லை. போனைத் துடைத்துப் பைக்குள் வைத்தான். "வேன் ஓட்டுனப்ப பிளேனுக்கு நேரமாச்சுனு பறப்பேன். அப்பவும் எல்லாப் பயலும் என்னயத் தாண்டித்தான் போவான். பின்னாடி இருந்து பூ வேனுனு ஆரன் அடிப்பான். ஒருக்கா நான் தாண்டணும்ணே. அம்புட்டுத்தான்."

முருகேசன் வண்டியைத் துடைக்கப் போய்விட்டான். எனக்கும் அந்த வயதில் ஒரு புல்லட் மேல் அப்படி ஓர் ஆசை இருந்தது, கடைசி வரைக்கும் வாங்கவில்லை. அதனால் நானும் திட்டவில்லை. வீட்டில் என்ன சொன்னார்கள் என்று மட்டும் கேட்டேன்.

"அம்மா ரெண்டு நாள் பேசல. இம்புட்டுக் காசுக்கு ரெண்டே சீட்டா, நான் எங்க உக்கார்றதுனு ஒரே சண்டை. அப்புறம் எறங்கி வந்துருச்சு. ஊரு சாமிக்கு முன்னாடி வச்சு அது கையால மாலை போட்டப்புறம்தான் ரோட்ல எறக்கணுமாம்."

கார் லாரிக்குள் ஏறி ஊருக்கு வந்து சேர்ந்தது. அந்த வாரமே அவர்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா. பூக்குழி இறங்கித் தீ மிதிக்கிற திருவிழா என்றால் எங்கள் வண்டி ஒன்று பாதுகாப்புக்கு நிற்க வேண்டும். நாங்கள் மத்தியானமே போய்விட்டோம். ஒரு பக்கம் பூக்குழிக்கு விறகு எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம், கோயிலுக்கு எதிர்த்த மைதானத்தில், கார்த்தியின் கார் நின்றது.

நேரில் பார்த்தால் படத்தைவிடத் தாழ்வாக இருந்தது. இடுப்பு உயரம்கூட இல்லை. என் சட்டைப் பித்தான் அதில் உரசிவிடுமோ என்று எட்டியே நின்றேன். ஊரே கூடிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்களை நானே கண்ணால் பார்த்தேன்.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசாரி சொன்னதும் அதை நசுக்கிக்கொண்டு கார் நகர வேண்டும். எல்லா வண்டிக்கும் செய்வதுதான். மற்ற வண்டிக்கு மாலையைப் போட்டுவிட்டு டிரைவர் ஏறுவார். இந்தக் காரில்தான் கதவு மேலே எழும்புமே. எழும்பினால் மாலை குலைந்துவிடும். பாக்கியத்தம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, "நீ மொதல்ல உள்ள உக்காருடா. கதவச் சாத்திக்க. நான் அப்புறம் போடுறேன்" என்றார்.

கார்த்தி உட்கார்ந்தான். பக்கத்துச் சீட்டில் தங்கச்சி மகள் யாழினி, ஐந்து வயது, பட்டுப்பாவாடையோடு. கதவுகள் இறங்கின. வெயில் தாங்காமல் உள்ளே ஏசி போட்டுக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டான். அதற்கப்புறம் அந்தத் தாய் தன் கைவேலை அத்தனையையும் அந்தக் காரின் மேல் இறக்கினார். முன்னால் ஒன்று, கூரைமேல் ஒன்று, பின்னால் இரண்டு. கடைசியாகக் கை பருமனில் ஒரு நீள மாலை, காரின் இடுப்பைச் சுற்றி இரண்டு கதவுகளுக்கும் குறுக்கே. ஆரஞ்சு நிறமே தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் மல்லிகை.

நானும் கைதட்டினேன். ஜமாலுதீன் சார் எங்கள் வண்டி நிழலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் யாரோ, "மாப்ள, ஒரு உறுமு உறுமச் சொல்லு" என்றார்கள். கார்த்தி மிதித்தான். தரை அதிர்ந்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக் கேட்டு, நின்ற இடத்திலேயே ரொம்ப நேரம் உறுமிக்கொண்டிருந்தது. பூசாரி வேறொரு பூஜையில் இருந்ததால் வரத் தாமதம்.

அப்போது காரின் பின்பக்கத்துப் பூவுக்குள்ளிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. மல்லிகை வாடையோடு வந்த புகை. சாம்பிராணி போட்டிருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டுக் குலவை போட்டார்கள். தீப்பிடித்து எரிகிற ஒரு காரைப் பார்த்துக் குலவை. இன்றைக்கும் கல்யாண வீட்டில் குலவைச் சத்தம் கேட்டால் வாசலில் நிற்கிற வண்டியைத்தான் முதலில் திரும்பிப் பார்ப்பேன்.

சார் டம்ளரைக் கீழே வைத்தார். "சாம்பிராணி இம்புட்டு அடர்த்தியா போகாதேய்யா" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் புகை கறுத்து, அடியில் நெருப்பு தெரிந்தது. அந்தக் காருக்கு இஞ்சின் பின்னால் இருக்கிறது, உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுக்கு நேர் பின்னால். அதன் சூடு வெளியேற வைத்த இடுக்குகள் மேல்தான் அந்த இரண்டு மாலையும் கிடந்தன. பச்சைப் பூ எரியாது. ஆனால் மாலைக்குள் ஓடுகிற நைலான் கயிறு எரியும், ஜிகினா எரியும், பூவுக்கு நடுவே செருகுகிற தெர்மாகோல் உருகி ஒழுகும். ஒழுகி அடுப்பு மாதிரி கொதிக்கிற இரும்பின் மேல் விழுந்திருக்கிறது.

என் ஆயுளில் அன்றைக்குத்தான் ஜமாலுதீன் சார் ஓடிப் பார்த்தேன்.

முருகேசன் பம்பைப் போட்டான். ஒருவர் ஹோஸை இழுத்துப் பின்பக்கம் அடித்தார். நான் கதவுக்குப் போனேன். உள்ளே கார்த்தி தோளால் கதவை முட்டிக்கொண்டிருந்தான். கதவு விரல்கடை தூக்கியது, அப்புறம் நின்றுவிட்டது. கண்ணாடியை இறக்க முடியவில்லை, கரண்ட் போய்விட்டது. அந்தப் பக்கம் ஓடிக் கோடாரியின் பின்பக்கத்தால் கண்ணாடியை உடைத்தேன். புகை முகத்தில் அடித்தது. கையை விட்டு யாழினியைப் பாவாடையோடு பிடித்து வெளியே இழுத்தேன். என் கையில் கண்ணாடி கிழித்து ரத்தம். அழக்கூட இல்லை அந்தப் பிள்ளை, என் சட்டையைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. அவள் அம்மாவிடம் பிய்த்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

பிள்ளை வந்த வழியில் கார்த்தி வர முடியாது. அது ஜன்னலா, இடுக்கா? அவன் உடம்பு தோளோடு நின்றுவிட்டது. மறுபடி அவன் பக்கத்துக்கே ஓடி, கத்தியால் மாலையை அறுத்தேன். அறுத்த மாலை விழுந்தது, கதவு அசையவில்லை. இன்னொன்றை அறுத்தேன். அப்போதும் அசையவில்லை. பூவும் புகையும் தண்ணீரும் சேர்ந்து எது எதைப் பிடித்திருக்கிறது என்றே தெரியவில்லை. உள்ளே கார்த்தி, "அண்ணே, முதுகு சுடுதுண்ணே" என்றான். கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னான். நாங்கள் நான்கு பேர், தண்ணீர் நிறைந்த வண்டி, எல்லாம் பக்கத்திலேயே இருந்தும் கண்ணெதிரே இவன் சாகப் போகிறான் என்று நினைத்தேன்.

சார் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அன்றைக்கு மட்டும் கத்தினார்.

"கதவுக்கு மேல கட்டுனது யாரு?"

பாக்கியத்தம்மாவை நான்கு பெண்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், யாரும் கேட்கவில்லை. சார் கேட்டதும் அத்தனை பேரையும் உதறிவிட்டு வந்தார். "வழுக்குச்சுனு ரெண்டு பக்கமும் கம்பி போட்டேன் சார். கண்ணாடிக் காதுல இருந்து பின்னாடி ஓட்டைக்கு. கட்டுக்கம்பி சார். அது கத்திக்கு அறுகாது சார்."

கதவில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற சின்னக் கண்ணாடியை, கதவுக்குப் பின்னால் காற்றுப் போகிற ஓட்டையோடு சேர்த்துக் கம்பியால் முறுக்கியிருக்கிறார். மாலை நழுவாமல் இருக்க. பூவுக்குள் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. கம்பி வெட்டுகிற கட்டர் எங்கள் வண்டியில்தான் இருந்தது, எடுக்க ஆள் ஓடினார். பாக்கியத்தம்மா அதுவரைக்கும் நிற்கவில்லை. என்னை இடித்துத் தள்ளிவிட்டு, பூவுக்குள் இரண்டு கையையும் விட்டார். அந்தக் கம்பி எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் என் விரல் கூசுகிறது. அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. முறுக்கிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருகினார், இன்னொரு தடவை திருகினார். கதவு தானாக மேலே எழும்பியது.

நானும் சாரும் கார்த்தியை இழுத்து மண்ணில் போட்டோம். கழுத்தும் தோளும் வெந்திருந்தன. உயிர் இருந்தது. பின்னால் அந்தக் கார் முழுதாகப் பிடித்துக்கொண்டது. நுரை அடித்து அணைத்தபோது நான்கு சக்கரத்தின் இரும்பும் கொஞ்சம் கரியும்தான் மிச்சம். எலுமிச்சம்பழம் ஒன்று மட்டும் வேகாமல் கிடந்தது. அன்றைக்குப் பூக்குழியில் யாரும் இறங்கவில்லை.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி எனக்கு ஆஸ்பத்திரியில் காத்திருந்தது. இரண்டு நாள் கழித்து நானும் சாரும் பார்க்கப் போனோம். கார்த்தி தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பாக்கியத்தம்மா இரண்டு கையிலும் கட்டோடு உட்கார்ந்திருந்தார். போன உடனே கேட்டார்.

"சார், என் மாலையாலயா?"

நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் இல்லம்மா. பழைய வண்டி. ஒயர்ல ஷார்ட் ஆகியிருக்கும்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சாரையே பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் சாரின் வாயைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை, ஒயர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ஆமாம்மா" என்றார் சார். "மாலைதான். கயிறு சூட்டுல பிடிச்சிருச்சு. கம்பி கதவப் பிடிச்சிருச்சு."

கார்த்தியின் மச்சான் எழுந்தே விட்டார், அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். நானே அடித்திருப்பேன். என்ன மனுசன் இவர்! பாக்கியத்தம்மா மட்டும் மெதுவாகத் தலையை ஆட்டினார். அதற்கப்புறம்தான் அழுதார். வாய்விட்டு, ரொம்ப நேரம் அழுதார். அதுவரைக்கும் அவர் அழவே இல்லையாம், சாப்பிடவும் இல்லையாம், மகள் பிறகு சொன்னாள். அழுது ஓய்ந்ததும் சார் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த வண்டிக்குக் கம்பி போடாதீங்க" என்றார்.

ஜீப்பில் வரும்போது நான் சண்டைக்கே போய்விட்டேன். "பெத்த தாய்கிட்ட அப்படியா சார் சொல்றது? ஒரு பொய் சொன்னா நம்ம என்ன தேஞ்சா போயிருவோம்?"

"அந்தம்மாவுக்குத் தெரியும்யா" என்றார் சார். "கம்பி போட்டத நம்மகிட்ட வந்து சொன்னதே அவங்கதான. தெரிஞ்சு கேக்குறவங்ககிட்ட இல்லனு சொன்னா, அப்புறம் அதப் பத்தி அவங்க யார்கிட்டயும் பேச முடியாது. தனியா கெடந்து வேகணும்."

எனக்கு அது சரி என்றும் தோன்றவில்லை, தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. வீடு வரைக்கும் உர்ரென்றுதான் வந்தேன்.

நான் ஓய்வு பெற்றேன். சார் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். கார்த்தி தேறி, மறுபடி வியாபாரத்தில் இறங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். போன தை மாதம் ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவில் அந்த உறுமல் கேட்டது. எனக்கு வாயில் இருந்த நுரை அப்படியே நின்றுவிட்டது. வெளியே வந்து பார்த்தால், அதே மாதிரி ஒரு கார். இந்தத் தடவை வெள்ளை. கதவு மேலே எழும்பியது. கார்த்தி இறங்கினான், கழுத்தில் தழும்போடு.

"கிறுக்குப் பயலே" என்றேன். "மறுபடியுமாடா வாங்கின?"

"நான் வேணாம்னுதாண்ணே இருந்தேன். அம்மாதான் வாங்கச் சொல்லுச்சு."

அந்தப் பக்கத்துக் கதவும் எழும்பியது. பாக்கியத்தம்மா இறங்கினார், தலைகுனிந்து, கஷ்டப்பட்டு. அவர் விரல்கள் இப்போது முழுதாக மடங்குவதில்லை. மாலை கட்டுவதை விட்டுவிட்டார். கையில் ஒரு முழம் மல்லிகை வைத்திருந்தார். வரும் வழியில் கடையில் வாங்கியதாம். நிலக்கோட்டைச் சந்தையே பேர் சொன்ன கை, யாரோ கட்டிய பூவைக் காசு கொடுத்து வாங்கி வந்திருந்தது.

அதை என்னிடம் நீட்டினார். "நீங்க போடுங்கண்ணே."

கூச்சமில்லாமல் சொல்கிறேன், பயந்துவிட்டேன். அந்தப் பூவை வாங்கிக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பின்பக்கத்து இடுக்குகளைப் பார்த்தேன், கண்ணாடியைப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் தப்பு என்றே பட்டது. எப்போதிருந்து நான் ஜமாலுதீன் சார் மாதிரி நடக்க ஆரம்பித்தேன் என்றும் தெரியவில்லை.

"எங்கம்மா போட?" என்று கேட்டேன்.

"எங்க வேணும்னாலும் போடுங்க" என்றார் பாக்கியத்தம்மா. "கதவத் தெறந்து வச்சுக்கிட்டுப் போடுங்க. அது போதும்."

இரண்டு கதவும் மேலே நிற்க, நான் குனிந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த தட்டில் அந்த ஒரு முழத்தை வைத்தேன். கார்த்தி உள்ளே ஏறி உட்கார்ந்தான். அவன் கதவுக்குக் கையைக் கொண்டுபோனான். அம்மா, "நீ விடு" என்றார்.

மடங்காத அந்தக் கையால் அவரே கதவை இறக்கிச் சாத்தினார். மறுபடி தூக்கிப் பார்த்தார். திறந்தது. அப்புறம்தான் சாத்தினார்.